கையுறை போட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

போன மாதம் அப்பாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோது கூடவே இருந்தேன். உதவியாளரின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காயத்தைத் துடைத்த அதே கையுறையோடு ஆக்சிஜன் சிலிண்டரைத் திருகினார், செல்போனை எடுத்துப் பேசினார், கடைசியில் கதவையும் திறந்தார். கைப்பிடியில் ரத்தக்கறை அப்படியே இருந்தது. அடுத்து அதைத் தொட்டது நான்தான்.

கையுறை போட்டவரைக் காக்கிறது, சரி. மாற்றாவிட்டால் அடுத்த நோயாளிக்கு அதுவே ஆபத்து. ரத்தம் வழியாகப் பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கக்கூடியது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போதும் கிருமி கையில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கழற்றியதும் கையைச் சுத்தம் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கிருமிநாசினி திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி.

உயிருக்குப் போராடுபவர் முன்னால் அந்த அரை நிமிடம் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகவே கையுறைப் பெட்டியும் கிருமிநாசினியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அப்பா போன வண்டியில் பெட்டி இருக்கைக்கு அடியில், பிரிக்காமல் கிடந்தது. ஊழியர்களைக் கண்டிப்பதற்கு முன்னால், வண்டியை நடத்துபவர்கள் முதலில் இதைச் சரிசெய்யட்டும்.

ஒரு வாசகர்