மோட்டேகியில் பார்த்த வெள்ளை வண்டி

அன்புள்ள கார்த்தி,

ஜப்பானிலிருந்து ஊர் வந்து பத்து நாள் ஆகிறது. நீ வாங்கிக் கொடுத்த பச்சை டீயை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கசாயம்" என்று மூடி வைத்துவிட்டாள். சரி, அது கிடக்கட்டும்.

மோட்டேகியில் ஹோண்டா கம்பெனியின் மியூசியத்தில் அந்த வெள்ளை ரேஸ் காரை விட்டு நகரமாட்டேன் என்கிறேனே என்று சலித்துக்கொண்டாய். ஹோண்டா ஆர்ஏ272. 1500 சிசிக்குள் 12 சிலிண்டர்! கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 125 சிசிகூட வராது. நம் பழைய ஹீரோ ஹோண்டா இன்ஜினைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அப்படிப் பன்னிரண்டைக் கோத்து டிரைவர் முதுகுக்குப் பின்னால் குறுக்காகக் கிடத்தியிருக்கிறார்கள். என்னைப் போல ஒரு மெக்கானிக்குக் கால் நகருமா, சொல்லு.

கம்பெனியை ஆரம்பித்த சோய்ச்சிரோ ஹோண்டா, 1946இல் ராணுவ வயர்லெஸ் பெட்டிகளின் மிச்ச இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் மாட்டியவர். முதலில் பெட்ரோல் டாங்க்காக வைத்தது, குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்கிற வெந்நீர் டப்பாவை. அங்கிருந்து 19 வருஷத்தில் இந்த வண்டி.

ஆனால் என் மனதில் நின்றவர் ஹோண்டாவின் பந்தய டீம் மேனேஜர் யோஷியோ நகமுரா. போர்க்காலத்தில் நகாஜிமா கம்பெனியில் விமான இன்ஜின் வேலை பார்த்தவர். தோற்ற ஜப்பான் இனி விமானமே செய்யக்கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். 1952 வரைக்கும் அந்தப் பூட்டு. கற்ற வித்தை அத்தனையும் செல்லாக்காசு.

கார்ப் பந்தயத்திலும் ஹோண்டாவுக்கு எடுத்தவுடன் மாலை விழவில்லை. 1964இல் இறங்கிய மூன்று பந்தயத்தில் ஒன்றையும் கொடி வரை ஓட்டி முடிக்கவில்லை. மறுவருஷம் அக்டோபர் 24, மெக்சிகோ சிட்டி. அந்த ஊர் ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். மேட்டுப்பாளையத்தில் நான் டியூன் செய்து அனுப்பும் வண்டி மேலே போனதும் என்ன செய்யும்? காற்று மெலிந்து, பெட்ரோல் மிஞ்சி, இருமிக் கரும்புகை கக்கும். எத்தனை டிரைவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! விமானம் மேலே ஏறினாலும் இதே தொல்லைதான். அது நகமுராவுக்கு அத்துப்படி. முன்கூட்டியே போய் இறங்கி, அந்தக் காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோல் அளவைத் திருத்தி வைத்துவிட்டார்கள். டிரைவர் ரிச்சி கிந்தர் அந்த வெள்ளை வண்டியை 65 சுற்றிலும் முன்னாலேயே ஓட்டினார். ஃபார்முலா ஒன்னில் ஹோண்டாவின் முதல் வெற்றி அது.

உன் புராஜெக்டைக் கம்பெனியில் மூடிவிட்டார்கள், மூன்று வருஷம் வீண் என்று மியூசியம் போனதற்கு முந்தின நாள் ராத்திரி நீ சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மியூசியத்தில் நின்றது அதை யோசித்துக்கொண்டுதான்.

மேஜைக்கு அடியில் குப்பைக்குக் கட்டி வைத்திருந்தாயே நோட்டுகள், அவற்றைப் போட்டுவிடாதே கண்ணு. இடமில்லை என்றால் இங்கே அனுப்பு. பரணில் இரண்டு கார்புரேட்டர் டப்பாவை நகர்த்தினால் போதும்.

அம்மா இட்லிப் பொடி அனுப்பியிருக்கிறாள். எண்ணெய் அங்கேயே வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா