பொன்னாடை எட்டாத உதவிகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அனர்த்த காலத்தில் உதவியவர்களுக்கு நமது மாவட்டத்தில் நடக்கும் பாராட்டு விழாக்களில் மேடையேறுவோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருக்கின்றனர். வெள்ளத்தில் வள்ளம் செலுத்தி உயிர்காத்தவருக்குப் பொன்னாடை போர்த்துவது முற்றிலும் நியாயமே. ஆனால், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பாடசாலைகளில் இயங்கிய நலன்புரி நிலையங்களில், தாயை இழந்த பிள்ளைகளுக்கு மாதக்கணக்காகச் சோறூட்டித் தலைவாரிவிட்ட பெண்களை எந்த மேடையிலும் நான் கண்டதில்லை.

ஆண்களே அதிகம் உதவுகிறார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் ஈக்லியும் மொரீன் குரோலியும் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 1986இல் அப்படியொரு முடிவுக்கு வந்தது உண்மைதான். எனினும் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவருக்குச் சில நிமிடங்களில் செய்யும் உதவியையே அளந்தன என்பதையும், நெருங்கியவர்களுக்கு நெடுநாள் செய்யும் பராமரிப்பு அவற்றில் இடம்பெறவில்லை என்பதையும் அவர்களே சுட்டிக்காட்டினர். ஈக்லி, செல்வின் பெக்கருடன் சேர்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் தெளிவானது. உயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் காத்தோருக்கான கார்னகி பதக்கம் பெற்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஆண்கள். ஆனால் உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகத்தைத் தானம் செய்தவர்களில் பெண்களே கூடுதலாக இருந்தனர். அதுவும் ஆபத்துத்தானே?

யார் எவ்வகையில் உதவுகிறார் என்பதற்குப் பால் வேறுபாடு மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன்; அவரவர் இயல்பும் காரணம். நான் பணியாற்றிய நிலையமொன்றில், நாலு பேர் முன் வாய்திறக்கக் கூச்சப்படும் ஒருவர், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கடலோடு போனவர்களுக்கு விறாந்தையின் மூலையில் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தலைவர் பதவி கொடுத்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பார்.

ஆகவே, கிராம மட்ட அனர்த்த முகாமைத்துவக் குழுக்களை அமைக்கும்போது, மீட்புப் பணி ஆண்களுக்கு, சமையல் மாதர் சங்கத்துக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிக்காமல், அவரவர் இயல்பையும் விருப்பத்தையும் கேட்டறிந்து பொறுப்பு வழங்குமாறு பிரதேச செயலகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதியோர் பராமரிப்பும் ஆவணப் பணியும் குழுவின் பதிவேட்டில் தனிப் பொறுப்புகளாக இடம்பெற வேண்டும். நீந்தவும் வள்ளம் செலுத்தவும் விரும்பும் பெண்களுக்கு மாரி தொடங்குமுன் பயிற்சி அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.