ராதை கோபித்தால் பக்தி, முத்துப்பழனி எழுதினால் ஆபாசம்

வணக்கத்துக்குரிய பெங்களூரு நாகரத்தினம்மா அவர்களுக்கு,

தை பிறந்தால் உங்கள் பெயர் பத்திரிகைகளில் வந்துவிடும். திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூட்டமாகப் பாடும் படம் ஒன்று, பக்கத்தில் நாலு வரி: தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடந்தபோது தன் சொத்தையெல்லாம் போட்டு அதைக் கோயிலாக எழுப்பிய அம்மையார். அதோடு முடிந்தது. பக்தை என்று சொல்லிவிட்டால் ஒரு பெண்ணைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. அந்தக் கோயிலுக்கு முன்பே, 1911-ல், நீங்கள் பதிப்பித்த ஒரு காவியத்தை ஆபாசம் என்று சொல்லிப் போலீஸ் அள்ளிக்கொண்டு போன கதை அந்த நாலு வரிக்குள் வருவதே இல்லை. எனக்கு உங்களோடு பேச வேண்டியது அதைப் பற்றித்தான். உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் திரும்பச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கூட இருந்து படிக்கிறவர்கள் பலருக்கு இது புதுசு.

தஞ்சாவூரை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை ஆண்டார். அவருடைய அவையில் முத்துப்பழனி இருந்தார். உங்களைப் போலவே தேவதாசி மரபில் வந்தவர், சங்கீதமும் நாட்டியமும் கற்றவர், சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தவர். நாயக்கர் காலத்தில் வேர்விட்ட தெலுங்கு அந்த அரண்மனையில் அப்போதும் இலக்கிய மொழிதான். அதில் அவர் 584 பாடல்களில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியத்தை எழுதினார். பிற்பாடு நீங்கள் பதிப்பித்தது இதைத்தான். ராதையைச் சமாதானப்படுத்துவதுதான் கதை. தான் வளர்த்த இளா என்ற பெண்ணை ராதையே கிருஷ்ணனுக்குக் கட்டிவைக்கிறாள். முதலிரவுக்கு முன்னால் அவளுக்குப் புத்தி சொல்கிறாள். கிருஷ்ணனுக்கும் சொல்கிறாள்: இவள் சின்னப் பெண், முரட்டுத்தனம் கூடாது, மெல்ல, பார்த்து நட என்கிறாள். அப்புறம் அவன் இளாவே கதி என்று இருந்துவிட, ராதைக்குத் தாங்கவில்லை. பொறாமை, அழுகை, ஆத்திரம் எல்லாம் வருகிறது. கடைசியில் அவன் வந்து கெஞ்சிக் கூத்தாடி அவள் கோபத்தைத் தணிக்கிறான்.

ஒரு புதுப்பெண்ணிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கடவுளுக்கே ஒரு பெண் பாடம் எடுக்கிறாள் பாருங்கள், அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிற்பாடு அதிகம் முகம் சுளிக்க வைத்ததும் இந்த மாதிரி இடங்கள்தான்.

நம் புராணங்களில் அடங்காத பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித்தந்துவிடுகிறார்கள். சூர்ப்பணகை தன் ஆசையை வாய்விட்டுச் சொன்னாள், மூக்கும் காதும் போயின. கம்பர் அதோடு விடவில்லை, முலைக்கண்களையும் சேர்த்து அறுக்க வைத்தார். ரேணுகா அந்த அளவுகூடப் போகவில்லை. கந்தர்வன் ஒருவனைக் கண்டு ஒரு நொடி மனம் சலித்ததற்கு, கணவன் சொல்ல, பெற்ற பிள்ளை பரசுராமன் தலையை வெட்டினான். பின்னாலே அவளையே மாரியம்மன் என்று கும்பிட்டுக் கூழ் ஊற்றுகிறோம், அது வேறு விஷயம். இந்தப் பட்டியலை எத்தனை வேண்டுமானாலும் நீட்டலாம். ஆனால் இதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் உங்களுக்கு நடந்தது புரியாது. ஏனென்றால் அடங்காத பெண்ணைக் கொண்டாடிய பாட்டும் நம்மிடம் நிறைய உண்டு.

கிருஷ்ணதேவராயர் அவையில் இருந்த நந்தி திம்மனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ‘பாரிஜாதாபஹரணமு’வில் சத்தியபாமைக்குக் கோபம் வருகிறது. கிருஷ்ணன் காலில் விழ, அவள் இடது காலால் அவன் தலையில் உதைக்கிறாள். அவனோ, நீ உதைத்தது எனக்குப் பெருமை, என் மேனி சிலிர்த்து நிற்கிற ரோமம் உன் மென்பாதத்தில் முள்ளாகக் குத்தியிருக்குமே என்பதுதான் என் கவலை என்கிறான். தெலுங்கில் மனப்பாடமாகச் சொல்லப்படும் பாட்டு அது. இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தில் ‘கீத கோவிந்தம்’ பாடிய ஜெயதேவர். உன் தளிர்ப்பாதத்தை என் தலையில் அலங்காரமாக வை என்று கிருஷ்ணன் ராதையிடம் கேட்பதாக எழுத அவருக்கே கை நடுங்கியதாம். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் உருவத்தில் கிருஷ்ணனே வந்து அந்த வரியை எழுதிவிட்டுப் போனதாகக் கதை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பஜனை மடங்களில் ராதா கல்யாணத்தன்று அந்த வரி வரும் அஷ்டபதியை, அதாவது ‘கீத கோவிந்த’ப் பாட்டை, வயதான மாமாக்கள் ஜால்ரா தட்டி உருகிப் பாடுவார்கள். குழந்தைகள் மடியில் உட்கார்ந்து கேட்கும். ஒருவர் காதையும் ஒருவர் பொத்தியதில்லை.

அப்புறம் தெலுங்குக் கவிஞர் க்ஷேத்ரய்யா. உங்களைப் போன்றவர்களின் தொண்டையில்தான் அவருடைய பதங்கள், அந்தக் காதல் பாட்டுகள், உயிரோடு இருந்தன. அந்தப் பதங்களில் பெரும்பாலும் பேசுவது பெண்தான். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பாள், யார் வீட்டிலிருந்து வருகிறாய் என்று மடக்குவாள், விலையும் பேசுவாள். ஆண் எழுதிய பெண்குரல் அது. அதை ரசிகர்கள் சிருங்காரம் என்றார்கள், பக்தியின் இன்னொரு நிலை என்று வியாக்கியானமும் செய்தார்கள்.

ஆக ராதை கோபிக்கலாம், சத்தியபாமை உதைக்கலாம், பதத்து நாயகி எதை வேண்டுமானாலும் கேட்கலாம், எழுதுகிற கை ஆணுடையதாக இருக்கும்வரை. முத்துப்பழனி ஜெயதேவரின் அஷ்டபதியைத் தெலுங்கில் தந்தவர், அந்த மரபு முழுவதையும் கரைத்துக் குடித்தவர். அதே ராதையைத் தன் கையால் எழுதினார். அதுதான் வினை.

வீரேசலிங்கம் பந்துலுவிடம் வருகிறேன். இவரைச் சாதாரணமாகத் திட்டிவிட்டுப் போக முடியாது. 1881-ல் ராஜமுந்திரியில் விதவைக்கு மறுமணம் செய்துவைத்தவர், பெண்கள் படிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடியவர். நவீனத் தெலுங்கு அவருக்குப் பட்ட கடன் பெரிது. அப்படிப்பட்டவர் தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றை எழுதும்போது முத்துப்பழனியின் புலமையை ஒப்புக்கொண்டுவிட்டு, ஒழுக்கம் கெட்டவள் என்று முத்திரை குத்தினார். பெண் வாயால் சொல்வது இருக்கட்டும், பெண் காதால் கேட்கவும் கூடாதவை அவள் பாட்டில் இருக்கின்றன என்றார். பெண்ணை வீட்டுச் சிறையிலிருந்து வெளியே கூட்டிவந்த சீர்திருத்தக்காரர்களுக்கு ஏற்கெனவே வெளியே நின்றுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீங்கள் 1910-ல் எழுதிய முன்னுரையில் அவருக்குத் தந்த பதிலைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தேன். வெட்கமும் கூச்சமும் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்குக் கிடையாதா என்று கேட்டீர்கள். அதோடு நிறுத்தாமல், பந்துலு தாமே பார்த்து, சரியென்று அச்சுக்கு அனுப்பிய ‘வைஜயந்தீ விலாசமு’வில் இதைவிட மோசமாக இல்லையா என்றும் கேட்டீர்கள். அது எந்தக் கதை என்று தெரிந்தால் தமிழ்நாட்டுக்காரர்கள் இன்னும் ரசிப்பார்கள். விப்ரநாராயணர் கதை. அதாவது நம் தொண்டரடிப்பொடியாழ்வார். ஸ்ரீரங்கத்தில் பூமாலை கட்டிக்கொண்டிருந்தவரைத் தேவதேவி என்ற தாசி மயக்கிய கதை. தாசி பக்தனைக் கெடுப்பதை ஆண் கவிஞர் விரிவாக வர்ணித்தால் அது இலக்கியம், பாடத்துக்கும் ஆகும். தாசி தன் கையால் ராதையின் ஆசையை எழுதினால் ஆபாசம். இந்த வேறுபாட்டை வாதத்தில் இவ்வளவு கச்சிதமாகப் பிடித்தவர் அந்தக் காலத்தில் வேறு யார் என்று எனக்குத் தோன்றவில்லை.

முத்துப்பழனிக்கு முதல் தண்டனை தந்தது போலீஸ் இல்லை, பதிப்புதான். 1887-ல் வந்த அச்சுப் புத்தகத்தில் சில பாடல்களை விட்டிருந்தார்கள். அதைக்கூட அந்தக் காலத்து வழக்கம் என்று விடலாம். ஆனால் முகப்பையும் விட்டிருந்தார்கள். காவியத்தின் தொடக்கத்தில் கவிஞர் தன் குலம் சொல்வது மரபு. முத்துப்பழனி தன் பாட்டி தஞ்சநாயகி வழியாக, பெண்கள் வழியாகவே தன் பரம்பரையைச் சொல்லியிருந்தார். புலவர்களுக்குப் பொருள் கொடுத்து கௌரவித்தவள் என்னைப் போல் எவள், காவியங்கள் எவளுக்குச் சமர்ப்பணமாகியிருக்கின்றன என்று நிமிர்ந்து பாடியிருந்தார். ஆண் கவிஞர்கள் இதைவிடப் பத்து மடங்கு பீற்றிக்கொள்வார்கள், அதை அவையடக்கத்தின் பக்கத்திலேயே வைத்து நாம் படிப்போம். இவருடையதை மட்டும் வெட்டிவிட்டார்கள். லட்சுமணன் கத்தியைவிட இந்தக் கத்தரி கூர்மையானது, ரத்தமே தெரியாது.

நீங்கள் ஓலைச்சுவடியைத் தேடிப் பிடித்து, அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டதை எல்லாம் திரும்பச் சேர்த்தீர்கள். எத்தனை முறை படித்தாலும் திரும்பப் படிக்கத் தோன்றுகிறது என்றும், இதை எழுதியவர் பெண், அதிலும் நம் குலத்தில் பிறந்தவர், அதனால் சரியான வடிவில் வெளியிட வேண்டும் என்று பட்டது என்றும் எழுதினீர்கள். நம் குலம் என்று அச்சில் சொன்னது சாதாரண விஷயமா? தாசிகளின் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற நாட்டிய எதிர்ப்பு இயக்கம் சூடாக நடந்துகொண்டிருந்த காலம். அந்தச் சொல்லை மறைத்துக்கொண்டால்தான் மரியாதை கிடைக்கும்.

வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு நிறுவனத்தார் அச்சிட்டார்கள். எதிர்ப்பு உடனே வந்தது. ஒரு தாசி எழுத இன்னொரு தாசி பதிப்பித்தது என்று தெலுங்குப் பத்திரிகை ஒன்று எழுதியது. விமர்சனம் மொத்தமே அவ்வளவுதான். பாட்டைப் பற்றி ஒன்றுமில்லை, எழுதியவளும் பதிப்பித்தவளும் யார் என்பதே குற்றப்பத்திரிகை. சென்னை அரசாங்கம் தன் மொழிபெயர்ப்பாளரை வைத்து ஆட்சேபகரமான பாடல்களை ஆங்கிலமாக்கிப் பார்த்தது. வெள்ளைக்கார அதிகாரிக்கு ராதை கோபித்ததும் தெரியாது, கொஞ்சியதும் தெரியாது. புண்பட்டவர்கள் நம்மவர்கள், கத்தி மட்டும் அவர்களுடையது. பிரதிகள் பறிமுதலாயின. இப்படிப் பார்த்தால் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் எந்தக் காவியமும் மிஞ்சாது என்று பண்டிதர்கள் பலர் மனுப் போட்டார்கள். பலிக்கவில்லை.

அதன் பிறகுதான் திருவையாறு. 1921-ல் உங்கள் குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து சமாதி கிடக்கும் நிலை பற்றிக் கடிதம் வந்தது, நீங்கள் கிளம்பினீர்கள், 1925-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அங்கே ஏற்கெனவே பெரிய கட்சி, சின்ன கட்சி என்று வித்துவான்கள் இரண்டாகப் பிரிந்து ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். எதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் பெண்கள் பாடக் கூடாது என்பதில் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை இருந்தது. கட்டிய கோயிலுக்குள் கட்டியவருக்குப் பாட இடமில்லை. நீங்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. மூன்றாவதாகப் பெண்கள் கட்சி ஒன்றைத் தொடங்கி, முன்பக்கம் அவர்கள் பாடினால் பின்பக்கம் நாங்கள் பாடுகிறோம் என்று சமாதிக்குப் பின்புறம் கச்சேரி வைத்தீர்கள். 1940-ல் மூன்று கட்சியும் ஒன்றானபோது பெண்களுக்கும் இடம் கிடைத்தது. இன்றைக்கு டிவியில் பஞ்சரத்தினம் பார்க்கிறவர்களுக்கு, அந்த வரிசையில் பட்டுப்புடவைகள் எப்படி வந்தன என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு விஷயத்தில் நான் உங்களோடு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1927 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியபோது நீங்கள் எதிர்த்தீர்கள். சின்னப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டி, கோயிலுக்கு என்று நேர்ந்துவிட்டு, அவள் வாழ்க்கையை அவள் அறியாமலே முடிவு செய்வதை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. உங்கள் மரபிலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதைத் தன் அனுபவத்திலிருந்து சொன்னார். முத்துலட்சுமியின் தாயும் அந்தக் குலம்தான். ஆனால் சங்கீதம் தெரிந்தவள், காவியம் படித்தவள், சொத்து வைத்திருப்பவள் எல்லோரையும் விபச்சாரி என்ற ஒரே சொல்லில் அடைக்கிறார்களே என்று நீங்கள் பொங்கியதில் நியாயம் இருந்தது. 1911-ல் அந்தப் பத்திரிகை செய்ததும் அதைத்தானே. முறை ஒழிய வேண்டியதுதான், அதற்காக அந்தப் பெண்கள் பாடியதும் எழுதியதும் சேர்ந்து ஒழிய வேண்டியதில்லை.

1947-ல், சென்னை மாகாணப் பிரதமராக இருந்த தங்குடூரி பிரகாசத்தின் முயற்சியால் புத்தகத்தின் மேல் இருந்த தடை நீங்கியது. தெலுங்குத் தாயின் ஆரத்தில் உதிர்ந்த சில முத்துகளைத் திரும்பக் கோப்பதாக அவர் சொன்னாராம். அதே வருடம்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. ஒரே வருடத்தில் முத்துப்பழனியின் புத்தகம் விடுதலையானது, முத்துப்பழனி பிறந்த மரபு சட்டவிரோதமானது. அன்றைக்கு உங்கள் மனசு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டு எழுதி வைத்திருக்கலாம். வாவிள்ளவின் மறுபதிப்பு 1952-ல் வந்தது. நீங்கள் போனதும் அந்த வருடம் மே மாதத்தில்தான்.

கடைசியாக ஒரு சந்தேகம். 1911-ல் போலீஸ் பிரதிகளை வாரிக்கொண்டு போனபோது உங்கள் சொந்தப் பிரதியைக் கொடுத்தீர்களா? கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் முப்பத்தாறு வருடம் அதை வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள்?

அன்புடன்,
உங்கள் வாசகி