கடைசிப் பஸ்ஸும் மூன்றாம் லைனும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குப் பாதிக் காரணம் என் சோம்பல், மீதிப் பாதி நீ. "நேயர்கள் போன் செய்து பேசும் அந்த நிகழ்ச்சிகளைக் கேட்பதையே விட்டுவிட்டேன். வேலையற்றவர்கள் கத்துகிறார்கள், வேலையற்றவர்கள் கேட்கிறார்கள்" என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? அப்படி ஒரு நிகழ்ச்சி நடக்கும் அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், காதில் ஹெட்போனோடு.

உன்னிடம் சொல்லாமல் இருந்தது தப்புதான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சிறிய வானொலி நிலையத்தில் வாரம் மூன்று நாள் காலையில் போன் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன், எட்டு மாதம் ஆகிறது.

வேலை சின்னதுதான். ஐந்து லைன்கள். விளக்கு மினுக்கினால் எடுக்க வேண்டும். பெயர், ஊர், என்ன சொல்லப்போகிறீர்கள் என்று மூன்று கேள்வி. பதிலை ஒரே வரியில் கணினியில் தட்டினால் உள்ளே இருக்கும் தொகுப்பாளரின் திரையில் அது தெரியும். அதைப் பார்த்துத்தான் அவர் எந்த லைனை எடுப்பது என்று முடிவு செய்கிறார். பிறகு நேயரிடம் நான் சொல்லும் வாக்கியம் உனக்கே மனப்பாடமாக இருக்கும்: "வானொலிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள்."

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. நேரலை என்று நாம் கேட்பது நேரலை இல்லை, சில நொடிகள் பிந்தி வருவது. யாராவது கெட்ட வார்த்தை பேசினாலோ, ஒருவர் மேல் ஆதாரமில்லாமல் பழி சொன்னாலோ, ஒரு பொத்தானை அழுத்தி அந்த நொடிகளைத் தூக்கி எறிந்துவிடலாம். வானொலியை ஓடவிட்டுக்கொண்டே பேசுகிறவருக்குத் தன் குரலே பிந்தி வந்து காதில் விழும். அரை வாக்கியத்தில் குழம்பி நின்றுவிடுவார். 1952-ல் அமெரிக்காவில் ஆலன்டவுன் என்ற ஊரின் வானொலி நிலையம் இந்தத் தாமதத்தை ஒலிநாடாவை வைத்துச் செய்தது. போன் உரையாடலை நேரடியாக ஒலிபரப்ப அன்று அங்கே அனுமதி கிடையாது. பதிவு செய்ததை ஒலிபரப்பத் தடை இல்லை. ஆகவே பதிவு செய்தார்கள், சில நொடிகளில் அதையே ஒலிபரப்பினார்கள்! சட்டத்துக்குப் பக்கத்திலேயே சந்து கண்டுபிடித்த அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

சரி, உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கத்துகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஒரே குரலில் மூன்று பெயரில் அழைக்கும் ஒருவர் இருக்கிறார். தலைப்பு பள்ளிக்கூடமாக இருந்தாலும் சரி, வெள்ளமாக இருந்தாலும் சரி, இரண்டாவது நிமிடத்தில் வரி கட்டும் விஷயத்துக்கு வந்துவிடுவார். ஒரு வாரம் அவர் அழைக்கவில்லை. தொகுப்பாளரே இடைவேளையில் என்னைப் பார்த்து, "வரிக்காரருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆனால் வெறும் கத்தல் என்றால் அதைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லையே. உகாண்டாவில் மக்கள் பொது இடத்தில் கூடி நாட்டு நடப்பை விவாதிக்க, வானொலி அதை அப்படியே ஒலிபரப்பிவந்தது. 'எக்கிமீசா' என்று பெயர், மேசை என்று பொருள். 2009-ல் கலவரம் வெடித்தபோது அரசாங்கம் அந்த ஒலிபரப்புகளைத் தடை செய்துவிட்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்களும் உன் கணக்கில் வேலையற்றவர்கள்தான்.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. அது கத்துகிறவர்களைப் பற்றியது இல்லை, விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து அணைந்துபோகிற லைன்களைப் பற்றியது. 1977 மார்ச் 5-ம் தேதி அமெரிக்க அதிபர் கார்ட்டர் இரண்டு மணி நேரம் வானொலியில் உட்கார்ந்து மக்களின் போனுக்குப் பதில் சொன்னார். பக்கத்தில் தொகுப்பாளராக, அந்த நாட்டில் பேர்போன செய்தியாளர் வால்டர் கிரான்கைட். அன்று அழைக்க முயன்றவை சுமார் 90 லட்சம் அழைப்புகள். பேசக் கிடைத்தவர்கள் 42 பேர். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் அழைப்புக்கு ஒன்று! எங்கள் நிலையத்துக்கு அந்தக் கூட்டம் இல்லை, ஆனால் இங்கேயும் ஐந்தில் இரண்டு லைன்தான் உள்ளே போகும். எந்த இரண்டு என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது என்னுடைய அந்த ஒரு வரி. 'நன்றாகப் பேசுவார்' என்று தட்டினால் உடனே எடுப்பார்கள். 'இழுத்துப் பேசுகிறார்' என்று தட்டினால் நிகழ்ச்சி முடியும்வரை காத்திருப்பார். மறுநாள், "மக்கள் கருத்து இதுதான்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அது என் விரல் நுனியில் வடிகட்டிய மக்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இரவின் கடைசிப் பஸ்ஸை நிறுத்துவது பற்றித் தலைப்பு. போக்குவரத்துத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், கையில் தாள்கள். "ஒரு நடைக்கு நான்கைந்து டிக்கெட்தான் போகிறது. காலி வண்டியை எப்படி ஓட்டுவது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் லைனில் ஒரு பெண். பின்னால் வாளி இழுபடும் சத்தம். அலுவலகங்களைச் சுத்தம் செய்கிற வேலையாம். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். "நான் அந்தப் பஸ்ஸில்தான் போகிறேன்" என்றார். அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் மௌனம், மறுபடி, "அதில்தான் போகிறேன்." நான் தட்டினேன்: 'பயணி. மெதுவாகப் பேசுகிறார். சத்தம் இருக்கிறது.' அதாவது, எடுக்காதீர்கள் என்று அர்த்தம்.

முதலில் போன மூன்று பேரும் நன்றாகப் பேசினார்கள். ஒருவர் பொதுத்துறை நஷ்டத்தைப் பற்றி, இன்னொருவர் வாடகைக் கார் வந்த பிறகு பஸ் எதற்கு என்று. மூன்றாமவர், தான் பஸ்ஸில் ஏறிப் பத்து வருடம் ஆகிறது என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தார். அதற்குள் மற்ற லைன்கள் அறுந்துபோயின. வேறு வழியில்லாமல் தொகுப்பாளர் மூன்றாம் லைனை அழுத்தினார்.

"வணக்கம். ஐயா சொன்ன நான்கைந்து டிக்கெட்டில் நான் இல்லை" என்றார் அந்தப் பெண்.

"ஏன் அம்மா?"

"நான் டிக்கெட் வாங்குவதில்லை."

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"பாஸ் வைத்திருக்கிறேன், மாதப் பாஸ். என்னோடு ஏறுகிறவர்கள் எல்லோரும் பாஸ்தான். தினமும் டிக்கெட் எடுத்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது."

எங்கள் தொகுப்பாளர் அவசரக்காரர், எல்லோர் பேச்சிலும் புகுந்துவிடுவார். அன்று புகவில்லை. அந்தப் பெண்ணைச் சும்மா விட்டுப் பேச வைத்தார். எத்தனை பேர் ஏறுவீர்கள், எங்கே இறங்குவீர்கள், அந்த பஸ் இல்லாவிட்டால் எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, "நீங்கள் எண்ணியது டிக்கெட்டையா, ஆட்களையா?" என்றார்.

பதில் இல்லை. தாள் புரட்டும் சத்தம் மட்டும். என் மேசையில் ஒரு சின்ன வானொலி உண்டு, வெளியே போவதைச் சரிபார்க்க. அதே தாள் சத்தம் சில நொடி கழித்து அதில் இன்னொரு தடவை கேட்டது. "பார்த்துச் சொல்கிறேன்" என்றார் அதிகாரி.

பஸ் தப்பித்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. நிறுத்திவிட்டார்கள். ஆனால் அறிவிப்பில் டிக்கெட் கணக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'நிர்வாகக் காரணங்களால்' என்று போட்டிருந்தது. அன்று அந்தப் பெண் பேசாமல் இருந்திருந்தால் அந்த நான்கைந்து டிக்கெட் ஊரறிந்த உண்மையாகியிருக்கும். நானே நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒன்று மாற்றிக்கொண்டேன். 'நன்றாகப் பேசுவார்' என்று தட்டுவதை விட்டுவிட்டேன். "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறேன், கிடைக்கும் பதிலை அப்படியே தட்டுகிறேன். கருத்து சொல்ல வந்தவர்கள் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள். சிலர் வைத்துவிடுகிறார்கள். "நிகழ்ச்சியில் வேகம் குறைந்துவிட்டது" என்று தொகுப்பாளர் முகத்தைச் சுளிக்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. போன புதன்கிழமை ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து, மைத்துனர் கல்யாணம்வரை போய்விட்டார்.

கண் அறுவை முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்களா? இரண்டாவது கண்ணுக்கு எப்போது? வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை மகளைப் படிக்கச் சொல். படிக்க முடியாத நாட்களில் வானொலியைத் தவிர உனக்கு வேறு என்ன இருக்கிறது?

விடுதியில் செய்தி வாசிப்பவருக்கு நீ பதில் சொல்லிக்கொண்டே இருப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? அவருக்குக் கேட்காது என்று எத்தனை தடவை சொன்னோம்! இப்போது கேட்கும். செவ்வாய், புதன், வெள்ளி காலை நான்தான் எடுப்பேன். தெரியாதவன் போலத்தான் பெயரும் ஊரும் கேட்பேன், வரிசை முந்த விடமாட்டேன். சத்தத்தைக் குறை என்றும் சொல்வேன். நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்