கரண்ட் வைக்கும் மருத்துவரை முதல் நாளே கூப்பிடுங்கள்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணனுக்கு வந்தது மூக்கில் தொடங்கும் என்.கே./டி செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஒரு பக்கம் மூக்கடைப்பு, அவ்வப்போது ரத்தம். ஏழு மாதம் சைனஸ் என்றே மருந்து சாப்பிட்டார். இரண்டு முறை பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். இரண்டு முறையும் ‘செத்த திசு’ என்று ரிப்போர்ட் வந்தது. இந்த நோய் ரத்தக்குழாயைச் சிதைத்துச் சுற்றியுள்ள திசுவைச் சாகடிக்கும், மேலாக எடுத்தால் அப்படித்தான் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். மூன்றாம் முறை ஆழத்தில் எடுத்து, இந்த நோயோடு சேர்ந்து காணப்படும் எப்ஸ்டீன்-பார் வைரஸையும் தேடிப் பார்த்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது. நம் ஊரில் அரிதாக வருவது. அந்தத் தாமதத்துக்காக நான் யாரையும் நோகவில்லை.

மனம் ஆறாதது அதற்குப் பின் நடந்ததுதான். லிம்போமா என்றதும் வழக்கமாகக் கொடுக்கும் ‘சாப்’ என்ற கூட்டு மருந்துக் கீமோவைத் தொடங்கினார்கள். “ஆறு சுற்று முடியட்டும், கரண்ட் வைப்பதை அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். கரண்ட் என்று நாங்கள் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. இரண்டாம் சுற்று முடிவதற்குள் வீக்கம் கண்ணோரம் ஏறிவிட்டது. இந்தப் புற்றுச் செல்களில் பி-கிளைக்கோபுரதம் என்று ஒன்று உண்டு. ‘சாப்’பில் உள்ள டாக்சோரூபிசின் என்ற மருந்தை அது செல்லை விட்டு வெளியே தள்ளிவிடும்.

ஜப்பான் மருத்துவர்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான், அதற்குச் சிக்காத மருந்துகளைச் சேர்த்த ‘டெவிக்’ கீமோவையும் 50 கிரே அளவு கதிர்வீச்சையும் ஒரே காலத்தில் கொடுத்தார்கள். நோய் மூக்கையும் அக்கம்பக்கத்தையும் தாண்டாதவர்களுக்குச் செய்த ஆய்வு அது. 2009இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 78 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் எங்களுக்கு அது பெரிய எண். அஸ்பாரஜினேஸ் என்ற மருந்து சேர்த்த கீமோவோடு கதிர்வீச்சு கொடுக்கும் வழியும் இருக்கிறது. எந்த வழியானாலும், தொடக்க நிலையில் கதிர்வீச்சைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது.

இரண்டாவது மருத்துவமனையில் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். முகத்துக்கு அச்சு எடுத்த வலைமுகமூடி, வாரம் ஐந்து நாள், மொத்தம் 25 தடவை. மூன்றாம் வாரம் வாய் முழுக்க வெந்து, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அண்ணன் சைகையில்தான் பேசினார். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அம்மா அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

ஆகவே கேட்கிறேன். இந்த நோயின் பெயர் ரிப்போர்ட்டில் வந்த அன்றே கீமோ மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் ஒரு மேசையில் உட்காருங்கள். உங்களிடம் கதிர்வீச்சு வசதி இல்லையென்றால், முதல் ஊசி போடுவதற்கு முன்பே, அந்த வசதி இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். வாய்ப்புண்ணைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் வீட்டாரிடம் முதல் வாரமே பேசிவிடுங்கள்.

அண்ணனுக்குக் கரண்ட் முடிந்து 14 மாதம் ஆகிறது. நாக்கில் உப்பு ருசி திரும்பிவிட்டது, புளிப்பு இன்னும் தெரியவில்லை என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தம்பி