நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கிறது

கல்யாண மண்டப உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு வணக்கம்.

உங்களில் சிலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்தில் சமையல் காண்ட்ராக்டர் ஒருவரிடம் 26 வருடமாகப் பந்தி பார்க்கிறேன். முதல் பத்து வருடம் வாளி தூக்கினேன். இப்போது ஆட்களைப் பிரித்து நிறுத்தி, எந்த வரிசையில் எது குறைகிறது என்று கவனிக்கிற வேலை; ஆள் குறைந்தால் வாளியும் தூக்குவேன். உங்கள் மண்டபங்களின் மேடையையும் அலங்காரத்தையும் நான் அதிகம் பார்த்ததில்லை. சாப்பாட்டுக் கூடம் மட்டும் எனக்கு அத்துப்படி. எந்தத் தூணில் இடிக்கும், எந்த ஃபேன் பேப்பரைத் தூக்கும், எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எல்லாம் தெரியும்.

போன மாதம் ஒரு கல்யாணம். மதியச் சாப்பாடு, இரண்டாவது பந்தி. ஓர் ஆச்சி, எண்பது வயதுக்குக் குறையாது, ரசம் சாதத்தில் பாதியில் இருந்தார்கள். பாயச வாளியோடு எங்கள் பையன் வந்தான். ஆச்சி இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, “வேண்டாம்யா, பின்னால ஆளு நிக்காவ” என்று சொல்லிவிட்டு, மோருக்கும் காத்திராமல் இலையை மூடி எழுந்துவிட்டார்கள். பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி இன்னொன்று. ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். அந்த இடத்தை விட்டால் அடுத்த பந்திவரை நிற்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கல்யாண வீட்டுக்காரர் சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. சமையலும் நன்றாக இருந்தது. ஆச்சியை எழுப்பியது கூடத்தின் அமைப்பு.

கணக்கைச் சொல்கிறேன். இலை போட்டு, தண்ணீர் வைத்து, உப்பு ஊறுகாயில் தொடங்கி அப்பளம் வரை வைத்து முடிக்க 10 நிமிடம். சாப்பிட, அவசரமில்லாமல் என்றால், 20 நிமிடம். இலை எடுத்து, பேப்பரைச் சுருட்டி, மேசையைத் துடைத்து, மறுபடி பேப்பர் விரிக்க இன்னொரு 10. ஆக ஒரு பந்திக்கு 40 நிமிடம். மேலே முகூர்த்த ஹாலில் 800 நாற்காலி போடுகிறீர்கள், கீழே சாப்பாட்டுக் கூடத்தில் 200. நாலு பந்தி, இரண்டு மணி நாற்பது நிமிடம். மதியம் 11 மணிக்குத் தொடங்கினால் எப்படியோ தாங்கிவிடும். மாலை வரவேற்பில் தாங்காது. எல்லோரும் ஏழரைக்கு வந்து, மேடையில் வரிசையில் நின்று போட்டோ எடுத்துவிட்டு, எட்டு மணிக்குமேல் ஒன்றாகக் கீழே இறங்குவார்கள். எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் இரண்டு பந்திதான் முடியும். அதாவது 400 பேர் சாப்பிட்டு முடிக்கும்போது மற்ற 400 பேர் இன்னும் நிற்கிறார்கள். உட்கார இடம் இல்லாததால், எங்கே நிற்பார்கள்? நாற்காலிக்குப் பின்னால்தான்.

என் சின்ன வயதில், எங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு தரையில்தான். நீளமான பந்திப்பாயை விரிப்பார்கள், ஆள் அதில் உட்காருவார், எதிரே இலை. பாய் எப்போதும் சுவரை ஒட்டியோ, பந்தல் தட்டியை ஒட்டியோ கிடக்கும். சாப்பிடுகிறவர் முதுகு சுவர்ப்பக்கம், முகம் பந்திப்பக்கம். பரிமாறுகிறவன் அவருக்கு முன்னால் நடப்பான். பின்னால் ஓர் ஈ, காக்காய் நிற்க வழி இல்லை. சாப்பிடாதவர்கள் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண் வீட்டு மாமா ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, “அடுத்த பந்திக்கு எந்திரிங்க, வாங்க” என்று கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போவார்கள். கூப்பிடாமல் போய் நிற்பது மரியாதைக்குறைவு. அழைக்கத் தாமதமானால் அதையே சாக்காக வைத்துச் சம்பந்தி சண்டை நடந்ததும் உண்டு, அது வேறு கதை.

அப்புறம் மேசை வந்தது. மேசை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூட்டு வலிக்காரர்களுக்கு அது பெரிய புண்ணியம். குனிந்து குனிந்து பரிமாறிய எங்கள் இடுப்புக்கும் புண்ணியம். தரைப்பந்தி முடிந்த இரவு என் மூத்த சமையற்காரர்கள் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்ததைப் பார்த்தவன் நான். ஆனால் மேசை வரும்போது ஒன்று தலைகீழாகிவிட்டது. மேசையின் இரண்டு பக்கமும் நாற்காலி போட முடியும் என்று கண்டுபிடித்தோம். சுவரை விட்டு மேசை நடுக்கூடத்துக்கு வந்தது. சாப்பிடுகிறவர் முதுகு நடைபாதைக்குத் திரும்பியது. பரிமாறுகிறவனும் காத்திருக்கிறவனும் அதே நடைபாதையில், அவருக்குப் பின்னால். கொதிக்கிற சாம்பார் வாளியை அவர் தோளுக்கு மேலாக நீட்டித்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மண்டபத்தில், காத்திருந்த ஒருவர் போனை எடுக்க ஓரடி பின்னால் நகர்ந்தார். என் கையில் ரச வாளி. அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த பையனின் முழங்கையில் கால் கரண்டி ரசம். பெரிய காயம் இல்லை, கொப்புளத்தோடு போயிற்று. அன்றைக்குத் திட்டு வாங்கியது நான். வாங்கவேண்டியதுதான், வாளி என் கையில் இருந்தது. ஆனால் அந்த நடைபாதை மொத்தமே இரண்டரை அடி என்பதை யாரும் அளக்கவில்லை.

அளவு என்று வந்துவிட்டதால் மேசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், அதுதான் பெரும்பாலும் நீங்கள் வாங்கிப் போட்டிருப்பது. ஆறடிக்கு மூன்று பேர் என்றால் ஆளுக்கு இரண்டடி கிடைக்கும். இரண்டடி இருந்தால் ஒரு நல்ல நுனி இலை, நுனி இடது கைப்பக்கம் வர, மடங்காமல் கிடக்கும். நீங்கள் நாலு நாற்காலி போடுகிறீர்கள். ஆளுக்கு ஒன்றரை அடி. அதனால்தான் நாங்கள் இலையை ஏடாக நறுக்கிப் போட வேண்டியிருக்கிறது. முழங்கை முழங்கையில் இடிக்கிறது. ஒருவர் அவியலில் மற்றவர் ஊறுகாய் கலக்கிறது. “தலைவாழை இலை போடுவீங்கல்ல?” என்று கல்யாண வீட்டார் எங்களைத்தான் கேட்கிறார்கள். இலை எங்களுடையது, ஆனால் மேசை உங்களுடையது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். மண்டபம் பிடிக்க வருகிறவர் முதலில் கேட்பது, “டைனிங்ல ஒரே நேரத்துல எத்தனை பேர்?” என்பதுதான். நீங்கள் 150 என்றால் அடுத்த தெரு மண்டபத்துக்காரர் 200 என்பார், பார்ட்டி அங்கே போய்விடும். ஆனால் நடைபாதை குறுகலாக இருக்கிற 200 நாற்காலிக் கூடத்தில் இலை போடவும் எடுக்கவும் எங்களுக்கு ஆகிற நேரம் அதிகம். இரண்டு வாளிக்காரர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவன் பின்வாங்கி வரிசை முனைவரை போய்த் திரும்ப வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் ஆள் நின்றால் இலை எடுக்கிறவன் ஒவ்வொருவரையும் “கொஞ்சம் தள்ளுங்கம்மா” என்று கெஞ்ச வேண்டும். என் அனுபவத்தில், நாலடி நடைபாதை உள்ள 160 பேர் கூடத்தில் 30 நிமிடத்தில் ஒரு பந்தி முடித்திருக்கிறோம். இரண்டு மணி நேரத்தில் நாலு பந்தி, 640 பேர். நெருக்கடியான 200 பேர் கூடத்தில் அதே இரண்டு மணி நேரத்தில் மூன்று பந்தி, 600 பேர். நாற்காலியைக் குறைத்தால் கூட்டம் சீக்கிரம் கலைகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு முகூர்த்தத்துக்கு மட்டும் சோதித்துப் பாருங்கள், கடிகாரம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

பஃபே வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்கிறீர்கள். சரி, தோசையும் பனீரும் நின்றுகொண்டு தின்னலாம். எங்கள் பக்கத்து மறுவீட்டு விருந்தில் ஊற்றுகிற தேங்காய்ப்பால் குழம்பான சொதியை எப்படி நின்றுகொண்டு சாப்பிடுவது? சோற்றில் பள்ளம் பறித்துச் சொதியை ஊற்றி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு என்று நிதானமாகப் பிசைகிற சாப்பாடு அது. ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் கரண்டி, கக்கத்தில் தாம்பூலப் பை என்றால் சொதிக்கே அவமானம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்ததே, ஒருமுறை தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்கு, அதில் சாப்பாட்டு மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் உண்டு. அப்போது எல்லோரும் பதறினோம், பேப்பர் ரசத்தில் ஊறிவிடும், மேசை நாறிவிடும் என்று. ஒன்றும் ஆகவில்லை. பேப்பர் ரோலுக்குத் திரும்பினோம், பழகிவிட்டது. இப்போது நான் கேட்கிற மாற்றமும் அதைவிடப் பெரிதில்லை.

சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு வெளியே காத்திருக்க ஓர் இடம் வேண்டும். நிழல், ஃபேன், நூறு நாற்காலி, குடிக்கத் தண்ணீர். உள்ளே போக ஒரு கதவு, கை கழுவி வெளியேற வேறொரு கதவு. பந்தி நடக்கும்போது உள்ளே போகிற கதவு சாத்தியிருக்க வேண்டும். இலை போட்டு முடித்ததும் நாங்கள் குரல் கொடுக்கிறோம், வீட்டுக்காரர் ஒருவர் வந்து “வாங்க சாப்பிடலாம்” என்று கூப்பிடட்டும். டோக்கன் மட்டும் வேண்டாம். ஒரு மண்டபத்தில் டோக்கன் கொடுத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, “இது கல்யாண வீடா, ரேஷன் கடையா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே காரில் ஏறிவிட்டார்.

கதவை ஒட்டிய ஒரு வரிசையில் இரண்டு நாற்காலியை எடுத்துவிட்டால் சக்கர நாற்காலியில் வருகிறவர் மேசையோடு சேர்ந்து உட்கார முடியும். இப்போது அவர்களைச் சுவரோரம் நிறுத்தி, மடியில் தட்டு வைத்துக் கொடுக்கிறோம். கூடம் கீழ்த்தளத்தில் இருந்தால் இறங்க முடியாத பெரியவர்களுக்கு மேலேயே நாலு மேசை போட அனுமதியுங்கள், வாளி தூக்கிக்கொண்டு ஏற எங்களுக்குச் சிரமமில்லை. கார்பெட்டில் சாம்பார் சிந்தும் என்றுதானே தடுக்கிறீர்கள்?

அப்புறம் அந்த விஐபி டைனிங். ஏசி போட்ட சின்ன அறை, மெத்தை நாற்காலி, வெள்ளைத்துணி மேசை. நாங்கள் கொண்டுபோவது என்னவோ அதே அண்டாவில் இருந்து அள்ளிய அதே சாம்பார்தான். எங்கள் பக்கத்திலேயே இருக்கிற சேரன்மாதேவியில் சுதந்திரப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்று 1924, 25-இல் பெரிய சண்டையே நடந்தது. அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே அது பிளவைக் கொண்டுவந்தது. நூறு வருடம் கழித்து அதே ஊரைத் தாண்டி நான் வேலைக்குப் போய், தனி அறைக்கு வாளி தூக்குகிறேன். சாதிக்காகப் பிரித்த அறையும் காருக்காகப் பிரித்த அறையும் ஒன்றில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முகூர்த்த வீட்டின் சொந்தத் தாய்மாமா வெளியே நாற்காலி முதுகைப் பிடித்து நிற்கும்போது, யாரோ ஒரு பிரமுகருக்காக 30 நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பல முறை பார்த்துவிட்டேன். அந்த அறையை முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் திறந்துவிடுங்கள். ஏசி அவர்களுக்குத்தான் தேவை.

கடைசியாக எங்களைப் பற்றி. மண்டபத்துக்கு நாங்கள் 25 பேர் வருவோம். கடைசிப் பந்தி முடிந்து, கூடத்தைக் கழுவி ஒப்படைத்து, நாங்கள் சாப்பிட மூன்றரை, நாலு மணி ஆகும். அதற்குள் உங்கள் மேனேஜர் மேசையை மடித்து அடுக்கி, விளக்கை அணைத்திருப்பார். பாத்திரம் கழுவுகிற இடத்தில், காய்கறி வந்த பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மிச்சச் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு வண்டி ஏறுவோம். ஏழு மேசை மட்டும் மடிக்காமல் அரைமணி நேரம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். நாங்களே துடைத்து, மடித்து, அடுக்கிவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
பந்தி பார்க்கிற ஒருவன்,
திருநெல்வேலி