பேத்தியின் கோணல் எழுத்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள், உன் சோம்பல் எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் நலம். மகன் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். நாள் முழுக்க யாருடனோ பேசிக்கொண்டே இருக்கிறான், என்னைத் தவிர.

சரி, பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். "நாளைக்கு எல்லாவற்றையும் விசைப்பலகையில் தட்டத்தான் போகிறாள், இந்தப் பென்சில் பாடு எதற்கு?" என்று உன் மருமகன் கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று நாமே சொல்லிச் சிரித்தவர்கள்தானே! ஆனால் நான் சொல்ல வருவது அழகான எழுத்தைப் பற்றி இல்லை, கையால் எழுதுவது குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதைப் பற்றி.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் என்பவர் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இன்னும் படிக்கத் தெரியாத, ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகள். சில எழுத்துகளைத் தாங்களாகவே எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். பெரியவர்கள் படிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் இந்தக் குழந்தைகளிடம் விழித்துக்கொண்டது, தாங்களாகவே எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான். தட்டியவற்றுக்கு அப்படி இல்லை. புள்ளிக் கோட்டில் வரைந்தவற்றுக்கும் இல்லை! இதைப் படித்ததும் எனக்கு அந்தப் புள்ளி நோட்டுகள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

காரணமாக அவர் சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்தது. குழந்தை தானாக எழுதும் எழுத்து ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. ஒன்று சாய்ந்து, ஒன்று குண்டாக, ஒன்று வால் நீண்டு. இவ்வளவு விதமாக வந்தாலும் இதெல்லாம் ஒரே எழுத்துதான் என்று மூளை பிடித்துக்கொள்கிறது. அதனால் உன் பேத்தியின் கோணல் எழுத்தை உடனே அழித்துத் திருத்தச் சொல்லாதே. அந்தக் கோணலில்தான் பாடம் நடக்கிறது.

தட்டும்போது எல்லா எழுத்துக்கும் விரல் செய்வது ஒரே வேலை, ஓர் அழுத்து. எழுதும்போது ரெண்டு சுழி ன-வுக்குக் கை போகும் வழி வேறு, மூணு சுழி ண-வுக்குப் போகும் வழி வேறு. கண் குழம்பினாலும் அந்தக் கூடுதல் சுழியைக் கை மறப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுத்தை எப்படிப் போடுவது என்றே யோசித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சொல்ல வந்த வாக்கியம் பாதியில் மறந்துபோகும். கை பழகிவிட்டால் மனம் முழுவதும் கதைக்குக் கிடைக்கும். கை பழகும்வரை அவள் வாயால் கதை சொல்லட்டும், நீ எழுதிக்கொள். எழுத்துப் பயிற்சி தனியாக, தினமும் கொஞ்ச நேரம் நடந்தால் போதும்.

பெரியவர்களைப் பற்றி வரும் செய்திகளை நான் அவ்வளவு தூக்கிப் பிடிக்க மாட்டேன். மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்களைவிடக் கையால் எடுப்பவர்களுக்குப் பாடம் நன்றாகப் புரிகிறது என்று 2014-இல் வந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. 2024-இல் நார்வேயில் 36 மாணவர்களை வைத்துச் செய்ததில், எழுதும்போது மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று அதிகம் சேர்ந்து வேலை செய்ததாகத் தெரிந்தது. ஆனால் அவர்களுக்கு எவ்வளவு நினைவில் நின்றது என்று அதில் சோதிக்கவில்லை. மருமகனிடம் ஒன்று சொல்: அந்த மாணவர்கள் எழுதியது தாளில் இல்லை, தொடுதிரையில், டிஜிட்டல் பேனாவால். ஆகவே டேப்லெட்டைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை, கையில் ஒரு பேனா இருந்தால் சரி.

சில எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுகிறாள் என்று பயந்திருந்தாயே, அந்த வயதில் அது சாதாரணம். ஏழு வயதுக்குப் பிறகும் நிறைய வந்தால் அப்போது யாரிடமாவது காட்டலாம். விரல் சீக்கிரம் வலிக்கிறது என்றால் எழுத்தைக் குறைத்துக் களிமண், கத்தரிக்கோல், குட்டையான கிரையான் கொடு. மணிக்கட்டு எலும்புகளே அந்த வயதில் முழுசாக உருவாகியிருக்காது.

அப்புறம், அவள் இடது கையால் எழுதுவதை உன் வீட்டில் யாரும் மாற்ற முயல வேண்டாம். தாளின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்துக் கொடுத்தால், எழுதியது கையால் மறையாமல் அவளுக்குத் தெரியும்.

இவ்வளவு சொன்னாலும், எல்லாக் குழந்தைக்கும் பென்சில்தான் என்று அடம்பிடிப்பவன் இல்லை நான். டிஸ்கிராஃபியா என்ற எழுதும் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு விசைப்பலகை பெரிய விடுதலை. அவர்களைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பது வெறும் தண்டனை.

அடுத்த கடிதத்தில் அவள் எழுதிய பக்கம் ஒன்றையும் சேர்த்து அனுப்பு, திருத்தாமல். உன் மனைவியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்